சார்ந்து வாழ்வோர் எவர் கணக்கில்?

ஒருவர் மற்றொருவரின் உழைப்பில் உண்டு, உடுத்து, அவர் கூரையின் கீழ் வாழ்கின்றார். அதன் காரணமாக, தனியொரு மனிதராக எண்ணப்படும் தகுதியை அவர் இழந்துவிடுகின்றாரா? இவ்வினாவை நாம் நூலில் தேடி எடுக்கவில்லை. ஒரு கடிதம் கொண்டு வந்தது. இளமையில் நம்மோடு ஒரே மதரஸாவில் ஓதிய நண்பர் ஒருவர் நெடுங்காலமாக அமெரிக்காவில் குடியிருக்கின்றார். 2021ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அவர் நமக்கு எழுதினார்.

நண்பரின் குடும்பம் ஐவரைக் கொண்டது. அவரும் அவர்தம் துணைவியாரும். எழுபதைக் கடந்த தாயார். கல்லூரியில் பயிலும் இருபது வயது மகன். 2019ஆம் ஆண்டு முடிவதற்குள் பதினேழு வயதை எட்டிவிட்ட மகள். சம்பாதிப்பவர் அவர் ஒருவரே. தாயாரையும் மக்கள் இருவரையும் தம்மைச் சார்ந்திருப்போராக ஆண்டுதோறும் வருமான வரிக் கணக்கில் காட்டி வந்தார். கொள்ளைநோய் பரவிய 2020ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு மக்களுக்கு நிவாரணப் பணம் வழங்கிற்று. நண்பர் வீட்டுக்கு வந்தது இருவருக்கான தொகையே. அவ்வாண்டின் கடைசியில் அறிவிக்கப்பட்ட இரண்டாம் தவணையும் இருவருக்கே வந்தது. 2021 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட மூன்றாம் தவணையோ ஐவருக்கும் சேர்த்து வந்து சேர்ந்தது. நண்பர் எழுதினார்: "சென்ற ஆண்டு உம்மா என்னிடம், 'நான் இந்த நாட்டுக் கணக்கிலேயே இல்லையா வாப்பா?' என்று கேட்டார்கள். என்னால் விடை சொல்ல இயலவில்லை. இப்போது அவர்களை எண்ணிப் பணம் வந்திருக்கின்றது. ஆனால் என் வங்கிக் கணக்கில் வந்திருக்கின்றது. மகனோ தன் பங்கைக் கேட்கின்றான். இது யாருடைய பணம்?"

நாம் எழுதிய விடையைப் பின்னர்க் கூறுவோம். அதற்கு முன் அச்சட்டம் இயங்கிய விதத்தை வாசகர்கள் அறிந்துகொள்வது நலம். உம்மாவின் வினாவும் மகனின் வினாவும் அதன் விவரங்களுக்குள்ளேதான் அடங்கிக் கிடக்கின்றன.

2020 மார்ச் 27ஆம் நாள் அதிபர் டிரம்ப் ஒப்பமிட்ட 'கேர்ஸ்' சட்டம், வயது வந்தோர் ஒவ்வொருவருக்கும் 1,200 டாலரும், பதினேழு வயதுக்குக் குறைந்த பிள்ளை ஒவ்வொன்றுக்கும் 500 டாலரும் வகுத்தது. தனியொருவரின் ஆண்டு வருமானம் 75,000 டாலரையும், சேர்ந்து கணக்குக் கொடுக்கும் கணவன் மனைவியரின் வருமானம் 1,50,000 டாலரையும் கடந்தால் தொகை படிப்படியாகக் குறையும். வருமானம் அறவே இல்லாதவருக்கும் முழுத்தொகை உண்டு. ஆயினும் ஒரு விலக்கு இருந்தது. மற்றொருவரின் வரிக் கணக்கில் சார்ந்திருப்பவராகக் காட்டப்படத் தக்கவர் எவரோ, அவருக்குத் தம் பெயரில் ஒன்றும் கிடையாது. காட்டப்பட்டவர் என்னாமல் காட்டப்படத் தக்கவர் என்னும் கருத்திலேயே சட்டம் பேசிற்று என்பதைக் கவனிக்க வேண்டும். தந்தை தம் கணக்கில் மகனின் பெயரை விட்டுவிட்டாலும் மகனுக்கு வழி திறக்காது. சரி, அவர் பெயரில் இல்லையெனினும் அவரைத் தாங்குகின்றவருக்கு அவர் பொருட்டு ஏதேனும் உண்டா என்றால், சார்ந்திருப்பவர் பதினேழு வயதை எட்டிவிட்டவராயின் அதுவும் இல்லை.

இவ்விரு வாயில்களும் அடைபட்டு நின்றோர் யாவர்? இருபத்து நான்கு வயதுக்குட்பட்ட முழுநேர மாணவர். பெற்றோர் வீட்டில் வாழும் பதினேழு, பதினெட்டு வயதினர். நிரந்தரமாக உடல் அல்லது உள்ளக் குறைபாடுற்று, நாற்பது ஐம்பது வயதிலும் பெற்றோரின் கையை எதிர்நோக்கி வாழ்வோர். ஆண்டு வருமானம் 2019ஆம் ஆண்டுக் கணக்குப்படி 4,200 டாலரை எட்டாமல், தம் செலவில் பாதிக்கு மேற்பட்டதை மகனோ மகளோ ஏற்றிருக்கும் முதியோர். இவர்களே.

முதியோரின் நிலையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். அரசு தரும் முதுமைக்கால உதவித்தொகையைக் கொண்டு தனியறையில் வாழும் ஒரு மூதாட்டிக்கு 1,200 டாலர் உண்டு. அவரே தளர்ச்சியுற்று மகன் வீட்டில் வந்து சேர்ந்து, மகன் அவர் செலவின் பெரும்பகுதியை ஏற்று, அதனால் அவன் கணக்கில் காட்டப்படத் தக்கவராகிவிட்டால், அவருக்கும் ஒன்றுமில்லை, மகனுக்கும் ஒன்றுமில்லை. தாயைத் தனியே விட்டிருந்தால் கிடைத்திருக்கக் கூடியது, தாயைச் சேர்த்துக்கொண்டதனால் இல்லாமற் போயிற்று. சட்டம் இயற்றியோர் இதனை விரும்பி இயற்றினர் என்று நாம் கூற மாட்டோம். ஆனால் விளைந்தது அதுதான்.

கணக்காகவும் பார்க்கலாம். நண்பர் வீட்டுக்கு முதல் தவணையில் 2,400 டாலர். அவர் வசிக்கும் தெருவிலேயே, அதே வருமானத்தில், மூன்று சிறு பிள்ளைகளோடு ஒரு கணவனும் மனைவியும் வாழ்வதாகக் கொண்டால், அவர்களுக்கு 3,900 டாலர். 2020 டிசம்பர் 27ஆம் நாள் ஒப்பமிடப்பட்ட இரண்டாம் சட்டம் பெரியோர்க்கும் சிறு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 600 டாலர் என்றது. அதில் நண்பருக்கு 1,200, அண்டை வீட்டாருக்கு 3,000. இரண்டு வீட்டிலும் உண்ணும் வாய்கள் ஐந்தே. இரு தவணையிலும் சேர்த்து வேறுபாடு 3,300 டாலர். முதியவரின் மருந்துச் செலவும் கல்லூரி மாணவனின் உணவுச் செலவும் ஐந்து வயதுக் குழந்தையின் செலவுக்குக் குறைந்தவை என்று குடும்பம் நடத்தும் எவரும் கூறார்.

பதினேழு வயது என்னும் இந்த எல்லை எங்கிருந்து வந்தது? கொள்ளைநோயை எண்ணி இடப்பட்ட கோடு அன்று அது. 1997ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேரவை, பிள்ளைகளை வளர்ப்போருக்கு வரிச்சலுகை ஒன்றை ஏற்படுத்திற்று. சிறு பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோரின் வரிச்சுமையைக் குறைப்பது அதன் நோக்கம். பதினேழுக்குக் குறைந்த பிள்ளை என்பது அதன் அளவு. 2008ஆம் ஆண்டுப் பொருளாதாரச் சரிவின்போது அரசு பணம் வழங்கியபொழுது அந்த அளவையே எடுத்துக்கொண்டது. அப்போதும் பெரியோருக்கு 600 டாலர், பதினேழுக்குட்பட்ட பிள்ளைக்கு 300 டாலர். வயது வந்த சார்ந்திருப்போருக்கு ஒன்றும் இல்லை. 2020இல் மீண்டும் அதே கோல் எடுக்கப்பட்டது. துணி அளப்பதற்கென்று வெட்டிய கோலைக் கொண்டு மூவிடத்தில் நெல்லை அளந்தது போலாயிற்று.

அவசரம் என்று காரணம் காட்டுவர். அக்காரணத்தை நாம் முற்றும் புறக்கணிக்கவில்லை. கடைகள் மூடப்பட்டு, பல இலட்சம் பேர் வேலையிழந்து நின்ற நேரம். சட்டம் நிறைவேறி மூன்று வாரங்களுக்குள் வங்கிகளில் பணம் வந்து விழத் தொடங்கியது. ஆராய்ந்து ஆராய்ந்து ஓராண்டு கழித்துத் தரும் முழுமையான உதவியைக் காட்டிலும், குறையுடையதாயினும் உடனே தரும் உதவி பசித்தவனுக்கு மேலானது. எனினும் ஒன்று. சார்ந்திருக்கும் பெரியவர்கள் அரசின் கண்ணுக்குப் புலப்படாதவர்கள் அல்லர். 2017ஆம் ஆண்டு வரிச் சட்டம், பதினேழுக்கு மேற்பட்டவரைத் தாங்குவோருக்கும் தலைக்கு 500 டாலர் வரிச்சலுகை அளித்திருந்தது. ஆகவே அவர்களுடைய பெயரும், சமூகப் பாதுகாப்பு எண்ணும், தாங்குபவருக்கு என்ன உறவு என்பதும் வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ். கைவசமே இருந்தன. நண்பரின் உம்மாவின் பெயர் அவர் கொடுத்த கணக்கின் முதற்பக்கத்திலேயே எழுதப்பட்டிருந்தது. வரியைக் கணக்கிடும்போது தெரிந்த பெயர், நிவாரணத்தைக் கணக்கிடும்போது தெரியாமற் போயிற்று.

அதுவுமன்றி, அவசரம் என்பது மார்ச்சு மாதத்துக்கு ஏற்ற காரணம், டிசம்பருக்கு ஏற்காது. குறை அதற்குள் ஊரறிந்ததாகிவிட்டது. 2020 மே மாதத்தில் பிரதிநிதிகள் அவை நிறைவேற்றிய ஒரு மசோதா, எவ்வயதினராயினும் சார்ந்திருப்போரைச் சேர்த்துக்கொள்ள முனைந்தது. செனட் அவை அதனை நிறைவேற்றவில்லை. ஒன்பது மாதங்கள் கடந்தபின் இயற்றப்பட்ட இரண்டாம் சட்டமும் அதே கோட்டை அதே இடத்தில் இட்டது. முதலாவதை மறதி எனலாம். இரண்டாவதற்கு அப்பெயர் பொருந்தாது.

வேறு காரணங்களும் கூறப்படும். மாணவர்களுட் பலர் செல்வர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு எதற்குப் பணம் என்பர். மாணவனுக்குரிய தொகையைத் தந்தையின் வருமான வரம்புக்கு உட்படுத்திவிட்டால் செல்வர் தாமே விலக்கப்படுவர். ஆதலின் அக்காரணம் நில்லாது. வரி கொடுக்காதவருக்கு எதைத் திருப்பிக் கொடுப்பது என்பர். ஒரு டாலரும் வருமானமில்லாத தனியாளுக்கு அச்சட்டமே 1,200 டாலர் தந்திருக்கின்றது. ஆகவே அதுவும் நில்லாது. கல்லூரிகளுக்குத் தனியே நிதி வழங்கி அதில் ஒரு பகுதியை மாணவர்க்கு அவசர உதவியாகக் கொடுக்கச் சொன்னார்களே என்பர். உண்மை. ஆனால் கல்லூரிக்குச் செல்லாத பதினெட்டு வயதுப் பெண்ணுக்கும், படுக்கையில் கிடக்கும் முதியவருக்கும் அந்நிதியால் ஆவது என்ன?

எஞ்சி நிற்பது ஒரே ஒரு காரணம். அது மெய்யாகவே வலியுடையது. சார்ந்திருப்பவரின் தேவையை வேறொருவர் நிறைவேற்றிக்கொண்டிருக்கின்றார். தேவை நிறைவேறியவருக்கு நிவாரணம் எதற்கு என்பதே அது. இதனை எளிதாகத் தள்ளிவிட நமக்குத் துணிவில்லை. ஏனெனில் நாம் ஓதிய நூல்களிலும், நாம் இன்று மாணவர்க்கு ஓதிக்கொடுக்கும் நூல்களிலும் இவ்வாதம் இருக்கின்றது.

ஒருவரைத் தாங்கும் பொறுப்பு எவர்மீது, எவ்வளவு என்பதை ஃபிக்ஹுக் கலை 'நஃபகா' என்னும் பாடத்தில் விரிவாகப் பேசுகின்றது. தாங்கப்படுவோரைக் குறிக்கும் அரபுச் சொல் 'இயால்' என்பது. குடும்பத்தைக் குறிக்கும் 'ஆயிலா' என்னும் சொல்லும் அதே வேரிலிருந்து கிளைத்தது. ஆங்கிலத்தார் வழங்கும் 'டிபென்டென்ட்' என்னும் சொல்லுக்கோ இலத்தீன் மூலத்தில் தொங்குவது என்று பொருள். இயால் என்றால் குடும்பம் நினைவுக்கு வருகின்றது. டிபென்டென்ட் என்றால் கிளையில் தொங்கும் பொருள் நினைவுக்கு வருகின்றது. சொற்களை வைத்து இரு சமுதாயங்களை எடைபோடுவது நேர்மையன்று என்பதால் இத்துடன் நிறுத்திக்கொள்வோம். அமெரிக்கச் சட்டம் மாணவனையும் உடற்குறையுடையவனையும் ஓரினமாகச் சேர்த்திருப்பதைக் கண்டு நாம் வியக்கவுமில்லை. வயது வந்த ஆண்மகனைத் தாங்கும் கடமை தந்தைக்குப் பொதுவாக இல்லை என்னும் ஹனஃபி சட்ட அறிஞர்கள், உழைக்க இயலாத நோயாளிக்கும், கல்வியில் ஈடுபட்டு உழைக்க நேரமில்லாத மாணவனுக்கும் விலக்களித்து, அவ்விருவரின் செலவும் தந்தையைச் சாரும் என்று எழுதியிருக்கின்றனர்.

இனி, அந்த வாதத்துக்கு வருவோம். ஜகாத் பெறத் தகுதியுள்ள ஏழை யார் என்று ஆராயுமிடத்து, உறவினரின் அல்லது கணவரின் பராமரிப்பால் தேவை நிறைவு பெற்றவர் ஏழையாகார் என்பதே ஷாஃபிஈ மத்ஹபில் வலுவான கருத்து. இமாம் நவவி அவர்களின் 'மின்ஹாஜுத் தாலிபீன்' இக்கருத்தையே தேர்ந்து கூறுகின்றது. மேலோட்டமாகப் பார்த்தால் இது 2020ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்துக்குச் சார்பாகப் பேசுவது போலத் தோன்றும். நமக்கும் முதலில் அவ்வாறே தோன்றியது. நண்பருக்கு விடையெழுதப் பல நாட்கள் தாழ்த்தியதற்கு அதுவே காரணம்.

பிறகு அப்பாடத்தை மீண்டும் எடுத்து மாணவரோடு வாசித்தபோதுதான் ஒன்று புலனாயிற்று. அங்கே ஆளப்படும் சொல் சார்ந்திருப்பவர் என்பதன்று. 'மக்ஃபிய்யு', அதாவது போதிய அளவு கிடைக்கப்பெற்றவர் என்பது. சார்ந்திருத்தல் வேறு, நிறைவு பெற்றிருத்தல் வேறு. தாங்குகின்றவர் வசதியாக இருக்கும்வரை அவரைச் சார்ந்தவர் நிறைவு பெற்றவர். தாங்குகின்றவரே கடையை மூடிவிட்டு, மாத வாடகைக்கு வழிதெரியாமல் உட்கார்ந்திருக்கும்போது, அவரைச் சார்ந்தவர் எவ்விதம் நிறைவு பெற்றவராவார்? நம் நூல்கள் அந்நிலைக்கும் விடை வைத்திருக்கின்றன. தாங்குபவர் ஏழையாகி ஜகாத் பெறும்போது, தமக்கு மட்டுமன்றித் தம் இயாலுக்கும் போதுமான அளவு அவருக்கு வழங்கப்படும். அந்த இயாலில் பாலருந்தும் குழந்தையும் உண்டு, பல்லிழந்த பாட்டியும் உண்டு. பதினேழு வயதுக்கு மேற்பட்டோரைக் கழித்துவிட்டு எஞ்சியவர்க்குக் கொடு என்று எந்த இமாமும் சொல்லவில்லை.

நோன்புப் பெருநாளில் கொடுக்கும் ஃபித்ராவைக் கொண்டும் இதனை விளக்கலாம். அதில் பெரியவருக்கு ஓரளவு, சிறியவருக்கு ஓரளவு என்பதில்லை. தலைக்கு ஒரே அளவு. எவரெவரைத் தாங்குவது கடமையோ அவருக்காகவும் கொடுக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ முறை. வறிய தாய் தந்தையரும் அதில் அடங்குவர். ஹனஃபி முறையில் வயது வந்த மக்களும் பெற்றோரும் தத்தம் பெயரிலேயே நிற்பர். அவர்களிடம் பொருளில்லையாயின் கொடுக்கும் கடமை இல்லை, பெறும் தகுதி உண்டு. ஆக, ஒருவர் தாங்குபவரின் கணக்கில் எண்ணப்படுவார். அல்லது தம் சொந்தக் கணக்கில் எண்ணப்படுவார். இரண்டில் எதுவாயினும் அறிவுக்கு ஒத்ததே. நிவாரணத்தைக் குடும்பத்துக்குத் தருவதென்றால் குடும்பத்திலுள்ள தலைகளை எண்ணட்டும். தனி மனிதருக்குத் தருவதென்றால் தனி மனிதர் கையில் தரட்டும். நீ வேறொருவர் கணக்கில் இருக்கின்றாய் என்று சொல்லி இவருக்கு மறுத்துவிட்டு, அவர் வந்து கேட்டால் அவர் உம் கணக்கில் வரமாட்டார் என்று அவருக்கும் மறுப்பது மூன்றாவது வழி. அதற்கு எந்த மத்ஹபிலும் எடுத்துக்காட்டு இல்லை. அமெரிக்காவின் சொந்த வரிச் சட்டத்திலும் வரி வாங்குமிடத்தில் அவ்வாறு இல்லை. அங்கே சார்ந்திருப்பவருக்காகத் தாங்குபவர் சிறிதேனும் சலுகை பெறுகின்றார்.

கோடு இடுவதே கூடாது என்று சொல்பவரல்லேம் நாம். கோடில்லாமல் கொடை வழங்க எந்தக் கருவூலத்தாலும் இயலாது. இட்ட கோட்டின்மேல் யார் விழுந்து கிடக்கின்றார் என்று திரும்பிப் பார்ப்பதே ஆள்வோரின் கடன். இதற்கு உமர் (ரலி) அவர்களின் வரலாற்றில், இப்னு ஸஅத் பதிவு செய்துள்ள நிகழ்ச்சி ஒன்று இருக்கின்றது. வாசகர்களிற் பலர் அறிந்ததுதான். ஆயினும் நிவாரணச் சட்டத்தோடு வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கலீஃபா அவர்கள் மக்களின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதி, பொதுக் கருவூலத்திலிருந்து அவரவர்க்கு உதவித்தொகை வகுத்தார்கள். பால்குடி மறந்த குழந்தைக்கே தொகை என்பது தொடக்கத்தில் இருந்த விதி. கணக்கெழுதுவோருக்கு அது வசதியான கோடு. ஒரு நாள் மதீனாவுக்கு வெளியே வணிகக் கூட்டமொன்று வந்து தங்கியது. அதற்குக் காவலாக அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களோடு கலீஃபாவும் இரவில் விழித்திருந்தார்கள். குழந்தையொன்று ஓயாமல் அழுதது. அவர்கள் சென்று தாயிடம் குழந்தையைக் கவனிக்கச் சொல்லித் திரும்பினார்கள். மீண்டும் அழுகை; மீண்டும் சென்றார்கள். இரவின் கடைசிப் பகுதியிலும் அழுகை ஓயவில்லை. ஏன் இப்படி என்று கேட்டபோது, வந்திருப்பவர் யாரென அறியாத அந்தத் தாய் உண்மையைச் சொன்னாள். பால் மறந்த பிள்ளைக்குத்தான் உமர் பணம் தருகின்றார். ஆகவே காலம் வருமுன்பே இதற்குப் பால் மறக்கச் செய்துகொண்டிருக்கிறேன் என்றாள். அன்று வைகறைத் தொழுகையில் அவர்கள் ஓதியது, அழுகையின் மிகுதியால் பின்னின்றோருக்குத் தெளிவாகக் கேட்கவில்லையாம். தம் விதியால் எத்தனை குழந்தைகளுக்குக் கேடு நேர்ந்ததோ என்று வருந்தி, பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் தொகை உண்டு, பால் மறக்க வைப்பதில் விரைய வேண்டாம் என்று பறையறைவித்து, மாநிலங்களுக்கும் எழுதினார்கள்.

அந்தத் தாய் ஏமாற்ற முயன்றாள் என்று அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. விதியைக் காப்பாற்ற மேற்பார்வையாளரை அமர்த்தவும் இல்லை. கோட்டைத் தூக்கி வேறிடத்தில் வைத்தார்கள். அதற்கு ஒரே ஓர் இரவு போதுமானதாயிருந்தது.

அமெரிக்காவில் அதற்கு ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. 2021 மார்ச் 11ஆம் நாள் அதிபர் பைடன் ஒப்பமிட்ட சட்டம், தகுதியுள்ள ஒவ்வொருவருக்கும் 1,400 டாலர் என்றும், அவரைச் சார்ந்திருப்போர் எவ்வயதினராயினும் அவர் பொருட்டும் தலைக்கு 1,400 டாலர் என்றும் வகுத்தது. நண்பர் வீட்டுக்கும், மூன்று சிறு பிள்ளைகளையுடைய வீட்டுக்கும் சமமாக 7,000 டாலர். திருத்திக்கொண்டவர்களைப் பாராட்டவே வேண்டும். ஆனால் திருத்தம் முன்னோக்கியே சென்றது; பின்னோக்கித் திரும்பவில்லை. 2020ஆம் ஆண்டின் இரு தவணையிலும் விடுபட்ட முதியோருக்கும் உடற்குறையுடையோருக்கும் அத்தொகை பின்னரும் வழங்கப்படவில்லை. 2019இல் சார்ந்திருந்து, 2020இல் தம் காலில் நிற்கத் தொடங்கிவிட்டவர்கள் மட்டும் 2020ஆம் ஆண்டுக்கான வரிக் கணக்கைக் கொடுத்து அதனைக் கேட்டுப் பெற முடிந்தது. அதற்கான கடைசி நாளும் 2024 மே 17உடன் கடந்துவிட்டது.

இந்த வழியைப் பற்றிக் கேள்வியுற்ற நண்பரின் மகன், "2020ஆம் ஆண்டுக் கணக்கில் என்னைக் காட்ட வேண்டாம் அத்தா, நானே தனியாகக் கணக்குக் கொடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்" என்று யோசனை கூறினானாம். இளைஞனின் கணக்கறிவை மெச்சலாம். ஆனால் வரிப் படிவத்தில், உம்மைச் சார்ந்திருப்பவராக எவரேனும் காட்ட இயலுமா என்னும் கருத்தில் ஒரு கட்டம் இருக்கின்றது. அவன் உண்பது தந்தையின் சோறு. கல்லூரிக் கட்டணம் தந்தையுடையது. அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுவது பொய்ச்சான்று. சட்டம் தனக்கு அநீதி செய்தது என்பது, சட்டத்தின் முன் பொய் சொல்வதற்கு உரிமைச்சீட்டு ஆகாது என்று நண்பர் மகனிடம் கூறியதை நாமும் ஒப்புக்கொண்டோம். பால்குடி மறக்கச் செய்த தாயின் மீது நாம் காட்டும் இரக்கத்தை இவனுக்கு ஏன் காட்டவில்லை என்று வாசகர் கேட்கக்கூடும். அவள் சொன்னது பொய்யன்று என்பதே நம் விடை. இந்த விடை நமக்கே முழு நிறைவைத் தரவில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

மூன்றாம் தவணை இன்னொரு வினாவையும் விட்டுச்சென்றது. பணம் தாங்குபவரின் கணக்குக்கே சென்றது. சட்டப்படி அது அவருக்குரிய வரிச்சலுகை, முன்கூட்டியே கொடுக்கப்பட்டது, சார்ந்திருப்பவர் அதனை வழக்காடிப் பெற முடியாது. தாங்குபவர் நல்லவராயின் பிழையில்லை. ஆனால் பெயருக்குத் தாங்குவோரும் உலகில் உண்டு. கல்லூரிக்குச் சென்ற மகளோடு பேச்சுவார்த்தையற்றுப்போன தந்தையின் கணக்கில் அவளுக்காக 1,400 டாலர் விழுந்திருக்கும். அவள் கைக்கு ஒரு காசும் எட்டியிராது. உடற்குறையுற்ற தம்பியைத் தாங்கும் அண்ணன் அத்தொகையில் தமக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வாங்கியிருக்கலாம். எவரும் கேட்க முடியாது. அரசு தலைகளை எண்ணிக் கொடுத்தது. கொடுத்த பின் தலைகளைக் காணவில்லை. மேலே நாம் கூறிய இரு வழிகளுள் குடும்பக் கணக்கு என்னும் வழியில் உள்ள இடர் இது.

நண்பருக்கு நாம் விடையெழுதினோம். ஃபத்வா வழங்கும் நிலையில் உள்ளோரல்லேம் என்பதை முதலிலேயே கூறிவிட்டோம். அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் 7,000 டாலரும் உம்முடையதே. ஆனால் எதை எண்ணி அது வந்தது என்பதை நீர் அறிவீர். மகனும் மகளும் உம்முடைய செலவில் வாழ்கின்றவர்கள். அவர்களை எண்ணி வந்ததை வீட்டு வாடகையிலும் கல்லூரிக் கட்டணத்திலும் சேர்ப்பது அவர்களுக்கே செலவிடுவதாகும். மகன் அதைக் கடன்போல் வசூலிக்க உரிமையில்லை. ஆனால் இவ்வளவு வந்தது, இன்னதற்குச் செலவாயிற்று என்று அவனுக்குச் சொல்லிவிடும். சொல்லாமல் செலவிடுவது தந்தைக்கு அழகன்று. உம்மாவின் காரியம் வேறு. அவர்களைத் தாங்குவது உம்மீது கடமை. அரசு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அந்தக் கடமை மாறாது. அவர்களை எண்ணி வந்த பணத்தைக் கொண்டு உம்முடைய கடமையைக் கழிப்பது எமக்குச் சரியாகப் படவில்லை. மேலும், அவர்கள் உம்மிடம் கேட்டது பணத்தை அன்று. ஆகவே 1,400 டாலரையும் வங்கியிலிருந்து நோட்டுகளாக எடுத்து, ஓர் உறையிலிட்டு, இது உங்களுக்காக வந்தது என்று சொல்லி உம்மாவின் கையில் கொடும். அவர்களாகத் திருப்பித் தந்தால் அப்போது வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதினோம்.

இரண்டு திங்கள் கழித்து மறுமொழி வந்தது. அவ்வாறே கொடுத்தாராம். உம்மா உறையைப் பிரித்து, நோட்டுகளை இருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, தம் துணிப்பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார்களாம். அன்றிரவோ மறுநாளோ திருப்பித் தருவார்கள் என்று நண்பர் எதிர்பார்த்திருந்தார் போலும். இதுவரை தரவில்லை என்று, சற்று வியப்போடு, கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தார்.